துரு எடுக்கும் மாத்திரை

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்" என்றது மெஷின்.

ஸ்டோர்கீப்பர் மீண்டும் முயன்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், மூச்சை அடக்கிக்கொண்டு நின்று பார்த்தார். மெஷின் மசியவில்லை. பின்னால் இருபது பேர் வரிசையில் நெளிந்தார்கள்.

"ஆஜர் சார், கொஞ்சம் தள்ளிக்கங்க. எல்லாருக்கும் லேட்டாகுது" என்றார் வாட்ச்மேன்.

ஆஜர் என்பது தொழிற்சாலை அவருக்கு வைத்த பெயர். குளியலறைக் குழாய்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக ஒரு நாள்கூட லீவு போடாதவர். கல்யாணத்தையே ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டவர். மூன்று வருடத்துக்கு முன் இந்த முகம் பார்க்கும் மெஷின் வந்தபோது, எல்லோரும் வரிசையில் நின்று முகத்தைப் பதிந்துகொண்டார்கள். இவர் மட்டும் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். "நீங்க வேலையைப் பாருங்க, இதை நான் பாத்துக்கறேன்" என்று ஹெச்.ஆர். மேடம் சொன்னார், பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு "நூற்றுப் பதினான்கு, நன்றி" என்று அவர் நம்பரைச் சொல்லி மரியாதையாக உள்ளே விட்ட மெஷின்தான் இன்று யாரோ எவரோ என்று பார்க்கிறது.

"ரிப்போர்ட்ல உங்களுக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கே" என்றார் ஹெச்.ஆர். மேடம்.

"மேடம், நான் உங்க முன்னாடிதானே நிக்கறேன்!"

"எனக்குத் தெரியுது. ஹெட் ஆபீசுக்குத் தெரியாதே. மெஷின் கம்பெனிக்குச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமைதான் ஆள் வருவாங்களாம்."

வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் நாலு நாள். இந்த மாதக் கடைசியில் ஸ்டோர் சூப்பர்வைசர் இடம் காலியாகிறது. கண்ணாடி ரூம், சுழல் நாற்காலி. ஐம்பத்தைந்து வயது தாண்டினால் கிடையாது, இவருக்கு ஐம்பத்துநாலு. போட்டியில் நிற்கிற பேக்கிங் செக்‌ஷன்காரர் முப்பத்தெட்டு வயது, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவர். அவரிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. ஒரு ஆப்சென்ட்கூட இல்லாத இருபத்தெட்டு வருடம். அதில்தான் இப்போது ஓட்டை விழுந்திருக்கிறது.

பாத்ரூம் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். கன்னச் சதை கரைந்திருந்தது. கழுத்து நீண்டிருந்தது. சட்டென்று அவருக்கு விஷயம் விளங்கியது.

மாத்திரை!

நாற்பது நாளாக மச்சினன் விற்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறார். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு குட்டி கரண்ட் ஆபீஸ் இருக்கு மாமா. வயசாக ஆக அதுல துரு ஏறுது. அதான் நமக்கு அசதி, சுருக்கம், நரை எல்லாம். இந்த மாத்திரை துருவை எடுத்துடும்" என்று மச்சினன் சொன்னபோது, வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். இருபத்தெட்டு வருடம் குழாய்களோடு குடும்பம் நடத்தியவருக்குத் துரு என்றால் என்னவென்று தெரியும். உடனே நம்பினார். டப்பாவோடு வந்த நோட்டீஸில் போட்டிருந்தபடி காலை ஐந்து மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றில் இரண்டு மாத்திரை, ஒரு மணி நேர ஓட்டம், பகல் முழுக்க வேகவைத்த காய். ஒன்பது கிலோ போயிருந்தது. தூக்கமும் போயிருந்தது. இளமை வரும்போது தூக்கம் எதற்கு என்று விட்டுவிட்டார்.

மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் ஓடினார்.

"மெஷினுக்கே என்னை அடையாளம் தெரியல!"

"எனக்கு நல்லாத் தெரியுதே. காலைல ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டுப் போன அதே ஆளுதான்."

"வயசு குறைஞ்சிடுச்சுன்னு சொல்றேன்!"

"என்னங்க, கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கு. என் தம்பி பேச்சைக் கேட்டு எனக்கே லாபமில்ல, உங்களுக்கு வந்துடப்போகுதா?"

தம்பியோ போனில் துள்ளினான். "சொன்னேன்ல மாமா! மத்தவங்களுக்கு மூணு மாசம் ஆகும். உங்களுக்கு நாப்பதே நாள். உங்க பாடி அப்படி!"

"அதெல்லாம் சரி தம்பி, ஆப்சென்ட் விழுதே. மாத்திரையை நிறுத்திடவா?"

"ஐயையோ, நிறுத்தாதீங்க! காலைல மெஷின் முன்னாடி மட்டும் கொஞ்சம் வயசான மாதிரி நில்லுங்க. உள்ளே போனப்புறம் இளமையா இருந்துக்கங்க."

பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது. செவ்வாய்க்கிழமை காலை தலையில் அரை டப்பா டால்கம் பவுடரைக் கொட்டிக்கொண்டு போய் நின்றார்.

"முகம் பதிவில் இல்லை" என்றது மெஷின். திங்கட்கிழமை மீண்டும் முயலவாவது சொன்னது. இன்று அதுவும் இல்லை.

பத்தவில்லை என்று முடிவுசெய்தார். ராத்திரியோடு ராத்திரியாக இளமை இன்னும் ஏறியிருக்கும். புதன்கிழமை மனைவியின் கண்மையால் நெற்றியில் நாலு கோடு இழுத்து, கூன் போட்டு, உதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமக்கூடச் செய்தார்.

மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. சைரன் அலறியது. "அறிமுகமற்ற நபர். காவலரை அழைக்கவும்."

காவலர் பக்கத்திலேயேதான் நின்றார். "சார், பன்னெண்டு வருஷமா உங்களைத் தெரியும். ஆனா சைரன் அடிச்சா நோட்டுல எழுதணும், அதான் ரூல்" என்று பார்வையாளர் நோட்டை நீட்டினார்.

'யாரைப் பார்க்க வந்தீர்கள்?' என்று கட்டம் போட்டிருந்தது. ஆஜர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'ஸ்டோர்கீப்பரை' என்று எழுதினார். கழுத்தில் விசிட்டர் அட்டை மாட்டிவிட்டார்கள். ஸ்டோருக்குப் போய்க் குழாய்ப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கண்மைக் கோடு கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. மூன்று நாளில் மூன்று ஆப்சென்ட். வாழ்நாள் முழுக்கக் கட்டிக்காத்த பெயர் போய்விட்டது.

வியாழக்கிழமை நான்காவது ஆப்சென்ட். மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"பாருய்யா, நீ நல்ல ஆள்தான். ஆனா சூப்பர்வைசர் லிஸ்டுல ஆப்சென்ட் உள்ளவங்க பேரை எப்படிப் போடறது? அதுவும் ஹெட் ஆபீஸ் இன்னும் பத்து வருஷம் ஓடற ஆளாக் கேக்குது."

"சார், நான் ஓடறேன் சார்! தினமும் ஒரு மணி நேரம் ஓடறேன்!"

மேனேஜர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரே களேபரம். இருவரும் ஓடினார்கள். மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த ஆஜரின் மகன் மெஷின் முன்னால் திகைத்துப்போய் நின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயது, செல்போன் கடையில் வேலை. மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"நூற்றுப் பதினான்கு, நன்றி" என்றது மெஷின்.

"நான் சும்மா எட்டித்தான் பாத்தேன்பா" என்றான் மகன்.

"இன்னொரு தடவை பாருடா!" என்றார் ஆஜர். பார்த்தான். நன்றி சொன்னது. ஆஜர் பார்த்தார். சைரன் அடித்தது. மறுபடி மகன். நன்றி.

ஆஜர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "பாத்தீங்களா சார்! நான் என் பையனை உரிச்சு வெச்ச மாதிரி ஆயிட்டேன்! மெஷினுக்கு யாரு அப்பா, யாரு பிள்ளைன்னே தெரியல!"

அப்படியானால் இவரைப் பார்த்து ஏன் சைரன் அடிக்கிறது என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லோரும் மாத்திரையின் பெயரைத்தான் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் மச்சினனின் போன் சூடேறிவிட்டது. ஹெச்.ஆர். மேடம் மூன்று டப்பா, வாட்ச்மேன் ஒன்று, பேக்கிங் செக்‌ஷன்காரர்கூட வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்று. மேனேஜர் தனக்கு ஐந்து சொன்னார். ஆஜர் பையிலிருந்த டப்பாவில் இரண்டு மாத்திரையை வாங்கி அங்கேயே விழுங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு ஹெட் ஆபீசுக்குத் தன் கையாலேயே கடிதம் அடித்தார்.

"'மேற்படி ஊழியர் மிகவும் இளமையாகிவிட்டதால் மெஷினால் அவரை அடையாளம் காண இயலவில்லை. ஆகவே நான்கு ஆப்சென்ட்களையும் ரத்து செய்து, துடிப்புமிக்க அவரையே சூப்பர்வைசராக நியமிக்கப் பரிந்துரைக்கிறேன்.' எப்படிய்யா இருக்கு?"

"சார், பிரமாதம் சார்!"

"நாளைக்கு மெஷின் கம்பெனி ஆள் வந்து, காரணம் இதுதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். அந்த ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பிடறேன்."

அன்று ஆஜர் நாற்பது நாளுக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினார். கனவில் நாற்காலி சுழன்றது.

வெள்ளிக்கிழமை காலை முதுகில் பையோடு ஒரு பெண் வந்தாள். மெஷினின் மூடியைத் திறந்தாள், வயரைச் செருகினாள், மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டினாள். சுற்றிலும் பாதித் தொழிற்சாலை நின்றது. ஆஜர் புதுச் சட்டை போட்டு, முகத்தை மழித்து, மேனேஜருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். ஆஜரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"எழுதும்மா, எழுது. வெட்கப்படாம எழுது" என்றார் மேனேஜர், கடிதத்தைத் தடவிக்கொண்டே. "ஆள் எவ்வளவு மாறிட்டார்னு உனக்கே தெரியுதுல்ல?"

"தெரியுது சார். மெஷின்ல கோளாறே இல்ல. இதுல இருக்கறது இவர் வேலைக்குச் சேர்ந்தப்போ ஃபைல்ல ஒட்டின போட்டோ. மூணு வருஷமா எப்படியோ அட்ஜஸ்ட் பண்ணிட்டு வந்த மெஷின், இந்த மாசம் ஒரேயடியா இவ்வளவு வயசானதும் கையை விரிச்சிடுச்சு."