ஊமத்தையில் காய்த்த கத்திரிக்காய்

நன்றாக நடந்துகொண்டிருக்கும் காரியத்துக்கு ஒரே எதிரி, உதவி செய்ய வருகிறவன்தான். ஆம்பூரில் அந்த ஆள் நான்.

அப்போது தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி பங்களாவின் பின்வாசலுக்கும் கூலிக்காரர் குடிசைகளுக்கும் நடுவில் கொஞ்சம் புறம்போக்கு நிலம் கிடந்தது. முதலாளியின் மனைவி பீபியம்மா தம் கிணற்றுத் தண்ணீரை விட்டார். ஷாப்பில் தோலுக்கு உப்புத் தடவும் கன்னியம்மா மண்ணைக் கொத்தினாள். கத்திரிக்காய் இரண்டு பக்கத்து அடுப்புக்கும் போனது. அதுவரை ஒருவர் முகம் ஒருவர் அறியாதவர்கள், யார் வீட்டுப் பிள்ளைக்கு மாந்தம் என்பது வரைக்கும் பங்களாவின் பின்வாசல் திரையோரம் நின்று பேசிக்கொண்டார்கள். (இதற்கெல்லாம் காரியதரிசி என்று என்னை நானே நியமித்துக்கொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை, யாருக்கும் தெரியாது.)

அந்த நிலத்தைத் தோல் உலர்த்தக் கேட்டு ஒரு வியாபாரி மனுப் போட்டார். தோட்டம் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கத் தாசில்தார் வருவதாகத் தகவல். பெண்கள் அலட்டிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் கவலை. குடிசைப் பக்கத்து ஓரத்தில் சில செடிகள் காயே இல்லாமல் நின்றன. பணக்காரர் பக்கம் காய்த்துக் குலுங்கி, ஏழைகள் பக்கம் மொட்டையாக இருந்தால் சமத்துவம் என்னாவது? சந்தையில் கொழுத்த கத்திரிக்காய்களாக வாங்கி, அன்று காலை செடிகளில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன்.

தாசில்தார் வந்தார். அதுவரை தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காத முதலாளி சரிகைத் தொப்பியோடு முன்னால் நின்றார். சமத்துவம் பற்றிய என் சொற்பொழிவின் நடுவே தாசில்தார் குனிந்து ஒரு காயைத் தொட, அது நூலோடு கையில் வந்தது. அவர் காயைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்தார்.

“இது ஊமத்தையாச்சே,” என்றார்.

(இலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இன்றைக்கும் சொல்கிறேன்.)

முழுத் தோட்டமுமே ஜோடனை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நிலம் வியாபாரிக்குத்தான் என்று சொல்லி வண்டியை நோக்கி நடந்தார். கன்னியம்மா குறுக்கே போய் நின்றாள்.

“கத்திரி அந்தாண்ட கீது சாமி, புடுங்கிப் பாருங்க. இது வேலியோரம் தானா மொளச்சது. இந்தாளு பண்ண கூத்துக்கு நாங்க இன்னா பண்ணுவோம்?”

வெளி ஆண்களிடம் பேசியே அறியாத பீபியம்மாவின் குரல் பின்வாசல் திரைக்குள்ளிருந்து வந்தது.

“தோட்டம் மாதிரியே அந்த திவானாவும் எங்க ரெண்டு பேருக்கும் பொது, சாப். வேணும்னா அவன இட்டுனு போங்க. மண்ண விட்டுடுங்க.”

(திவானா என்றால் கிறுக்கன். அன்றுதான் கற்றுக்கொண்டேன்.)

தாசில்தார் சிரித்துவிட்டார். அசல் செடியில் தாமே ஒரு காயைப் பறித்துப் பார்த்து, தோட்டம் தோட்டமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பங்களாவும் குடிசைகளும் சேர்ந்து முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். என் சொற்பொழிவால் ஆகாததை என் முட்டாள்தனம் சாதித்தது.

அதற்குப் பிறகு என் வீட்டில் எதையும் பார்த்த மாத்திரத்தில் யாரும் நம்புவதில்லை. பேரன் பிறந்தபோது, தாத்தா மூக்கு அப்படியே இருக்கிறது என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். என் மனைவி அந்த மூக்கை லேசாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.