தண்ணி சாரும் பட்டு ஃபில்டரும்

தண்ணி சாரைப் போல ஒரு பிடிவாதக்காரரை பிரம்மா இரண்டாவது தடவை செய்திருக்க மாட்டார். செய்திருந்தால் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகப் பேசியே ஆரணியைக் காலி செய்திருப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பெயரைக் கேட்டுத் தப்பாக நினைக்க வேண்டாம். சாராயக்கடை இருந்த தெருவில்கூட நடக்காதவர். எங்கள் பட்டு நெசவாளர் சொசைட்டியில் கணக்கர். எந்தத் தண்ணீரானாலும் முதல் மடக்கை நாக்கில் நிறுத்தி, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த மடக்கு. அதனால் வந்த பெயர். கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தைக் குடித்துவிட்டு, "கெணறு தூர் வாரி ஒரு வாரம்கூட ஆவல, அதுக்குள்ள இன்னாத்துக்கு எறைச்சீங்க?" என்று பெண்ணின் அப்பாவையே நிறுத்திக் கேட்டார். அவர் சொன்னது சரிதானாம். சரியாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் சொல்லிவிடுவதா? பந்தியில் பாதிப் பேர் ரசத்தை ஒதுக்கினார்கள். எங்கள் வரிசைக்குப் பாயசமே வரவில்லை.

அந்த வருஷம் சொசைட்டித் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் ஒரு புடவைக்கு அரை நாள் உட்காருவார்கள். கூட வந்த பிள்ளைகள் அடுக்கி வைத்த புடவைகளின் மேல் ஏறிக் குதிக்கும். ஒரு பெரிய மீன்தொட்டி வைத்தால் பிள்ளைகள் அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அல்லவா? மெட்ராஸிலிருந்து ஆறடிக் கண்ணாடித் தொட்டி லாரியில் வந்தது. தெரு நெடுக நெசவுக்குப் பாவு நூல் நீட்டியிருந்ததால் இழை எல்லாம் சுற்றி முடிக்கும்வரை தெருமுனையிலேயே காத்துக்கிடந்தது. கூடவே தங்க நிற மீன்களும் வந்தன. ஃபில்டர் மட்டும் வரவில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தலைவர் தண்ணி சாரிடம் கொடுத்தார். என் கெட்ட காலம் அன்றைக்குத்தான் ஆரம்பம்.

"முகூர்த்த மாசத்துல தண்ணி கலங்கலா இருந்திச்சின்னா தொட்டி செய்யாறு ஓட்டல்காரருக்குப் போயிடும், சொல்லிட்டேன்" என்றார் தலைவர். அந்த ஓட்டல் மீன் வறுவலுக்குப் பேர்போனது. தண்ணி சாரின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அதற்குள்ளேயே அவருக்கு அந்த மீன்கள் சொந்தமாகிவிட்டிருந்தன. காலையில் வந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, "இன்னாங்கடா, சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். எதிரே உட்கார்ந்திருக்கிற என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

மூர் மார்க்கெட்டுக்கு என்னை அனுப்பினார். மெட்ராஸ் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், சரளைக் கல்லுக்கு அடியில் போடுகிற தட்டு ஃபில்டர் ஒன்றை வாங்கி வந்தேன். அழுக்கைக் கீழே இழுத்துக் கல்லுக்குள் தங்க வைக்கும், அங்கே அது தானாகக் கரைந்துபோகும் என்று கடைக்காரர் சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தேன்.

"குப்பையக் கூட்டி ஜமுக்காளத்துக்கு அடியில தள்றதுக்குப் பேரு சுத்தமா? திருப்பிக் குடுத்துட்டு வா" என்றார்.

திருப்பிக் கொடுத்தேன். மூலையில் வைக்கிற பஞ்சு டப்பா வாங்கி வந்தேன். "ஆறடி தொட்டிக்கு இது ஃபில்டரா, காதுல வெக்கிற பஞ்சா?" என்றார். மறுபடியும் பஸ். வெளியே மாட்டுகிற பெரிய மோட்டார் ஃபில்டரைத் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்தேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கரண்ட்டு பூட்டா?"

"கொஞ்ச நேரத்துல வந்துடும் சார்."

"வர்ற வரைக்கும் மீனு மூச்ச அடக்கிகினு இருக்குமா? நீ போய்க் கேட்டு வந்தியா?"

அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று ஃபில்டரையும் பழித்த மனிதர் கடைசியில் தானே ஒன்று செய்தார். அடியில் ஓட்டை போட்ட பெரிய பானை. அதற்குள் கூழாங்கல், மணல், கரி, எல்லாவற்றுக்கும் மேலே பட்டு நூல் கழிவு. பானையைத் தொட்டிக்கு மேல் ஸ்டாண்டில் நிறுத்தினார். "பட்டு ஊருல பட்ட வுட்டுட்டு பஞ்சத் தேடிகினு மூர் மார்க்கெட் போறான் பாரு" என்று என்னைக் காட்டி எல்லோரிடமும் சொன்னார். அனுப்பியதே அவர்தான்!

கரண்ட் தேவையில்லாத ஃபில்டர் என்று தலைவர் புளகாங்கிதம் அடைந்தார். தண்ணீரைத் தொட்டியிலிருந்து பானைக்கு யார் ஏற்றுவது என்று அவர் கேட்கவே இல்லை. வேறு யார், நான்தான் ஏற்றினேன். பி.காம். படித்துவிட்டு ஒரு ஃபில்டருக்கு மோட்டாராக வேலை பார்த்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பானையில் அவர் போட்டது சாயம் ஏற்றிய பட்டு. சாயமில்லாத பச்சைப் பட்டைப் போடலாமே என்று கேட்டதற்கு என்னை முறைத்தார். "பச்சப் பட்டுல கோந்து இருக்குது. ஊற ஊற எறங்கும். சாயம் போட்டது கோந்து எடுத்த நூலு." பேச்சில் நியாயம் இருந்தது. "சாயம் எறங்கினா சார்?" என்றேன். அவர் சுவரிலிருந்த எங்கள் போர்டைக் காட்டினார். 'சாயம் போகாது' என்று சிவப்பு எழுத்தில் கொட்டையாக எழுதியிருந்தது. அதற்குமேல் வாயைத் திறந்தால் சொசைட்டி துரோகியாகிவிடுவேன்.

முகூர்த்த மாசம் வந்தது. களம்பூர் ரைஸ்மில்காரர் வீட்டிலிருந்து ஒரு கூட்டமே புடவை எடுக்க வந்து இறங்கியது. அன்றைக்குக் காலையில்தான் தண்ணி சார் பானைக்குப் புதுக் கழிவு மாற்றியிருந்தார். நான் வாளி வாளியாக ஏற்றிக்கொண்டிருந்தேன். கல்யாணப் பெண்ணின் அத்தை அரக்கு நிறப் புடவை ஒன்றை மடியில் விரித்து, இதுதான் என்று முடிவு செய்கிற நேரம். தொட்டிப் பக்கமிருந்து ஒரு பிள்ளை கத்தியது.

"அத்தே! மீனு குங்குமத்துல நீந்துது!"

எல்லோரும் திரும்பினார்கள். தொட்டி அரக்குச் சிவப்பில் ஜொலித்தது. அந்த அம்மாள் தொட்டியைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார்.

"இன்னாங்க இது?"

"மீனுக்கு மருந்து கலந்திருக்குதும்மா!" என்று தலைவர் பாய்ந்து வந்தார். நானும், "ஆமாங்க, மருந்துங்க" என்று வாளியோடு தலையாட்டினேன். அவ்வளவுதான், பிழைத்துவிட்டோம். தண்ணி சார் மட்டும் கம்மென்று இருந்திருந்தால்.

இருப்பாரா? தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"மருந்து இல்லம்மா. சாயம். நம்ம சாயம்தான். போன மாசம் போட்ட அரக்கு, சரியா அலசல. உங்க மடியில இருக்கறதும் அதே சாயந்தான். எடுக்காதீங்க."

இப்படியும் ஒரு மனிதர் உண்டா? கூட்டம் எழுந்து போனது. தலைவர் கத்திய கத்தலில் தெருவில் பாவு நீட்டியவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "தொட்டி நாளைக்கே செய்யாறுக்கு! நீங்க ரெண்டு பேரும் வூட்டுக்கு!" நான் என்ன பாவம் செய்தேன்? தண்ணி சார் எதையும் காதில் வாங்காமல் மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நல்ல தண்ணீர் நிரப்பிய அண்டாவில் விட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளை, ஒரு மீனும் சாகவில்லை. பிறகு சாயப்பட்டறைக்குப் போய், அந்த அரக்கு நூல் மொத்தத்தையும் மறுபடி அலசும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் ஓட்டல்காரரின் வண்டி வந்து வாசலில் நின்றது. பின்னாலேயே களம்பூர் அத்தையும் வந்து இறங்கினார்.

"வாயில வெரல வெச்சாரே, அந்தப் பேஜார் புடிச்ச சாரு எங்க? அவரு நல்லாக்கீதுன்னு சொல்ற பொடவயத்தான் எடுப்பேன்."

எடுத்தார்கள். கூறை முதல் நாத்தனார் புடவைவரை எல்லாமே எங்களிடம். தலைவர் கொஞ்சமும் வெட்கமில்லாமல், "சாரு நம்ம சொசைட்டியோட சொத்தும்மா" என்றார். ஓட்டல் வண்டி காலியாகத் திரும்பியது.

"அது சரி, இப்ப எந்த ஃபில்டர் போடலாம்?" என்று தலைவர் கேட்டார். தண்ணி சார் என் பக்கம் திரும்பினார்.

"மொதல்ல வாங்கினு வந்தியே, ஜமுக்காளத்துக்கு அடியில போடறது. அதையே ஜல்தியா வாங்கினு வா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? போனேன். வழி முழுக்க மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போய், திட்டிக்கொண்டே திரும்பினேன். ஃபில்டரை மேஜைமேல் டொம்மென்று வைத்தேன்.

"சாப்ட்டியா?" என்றார்.

என்னைத்தான் கேட்டார். கோபத்தில், "ஆச்சு சார்" என்றேன்.

"பொய்யி. வா" என்று எழுந்தார்.

பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் உட்கார்ந்தோம். தண்ணீர் வந்தது. முதலில் என் டம்ளரை எடுத்து, அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றி, கண்ணை மூடினார். "பரவால்ல, குடி" என்று என் பக்கம் நகர்த்தினார். அதற்கப்புறம் எத்தனையோ ஊர்களில் தண்ணீர் குடித்துவிட்டேன். எனக்காக ருசி பார்த்துத் தர இன்றுவரை வேறு யாரும் வரவில்லை.