டில்லியில் காலை, புத்தூரில் மாலை

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. பால்காரர் ஊற்றும் பாலில் தண்ணீரைத் தேடுவேன். தண்ணீர் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று யோசிப்பேன். இந்தப் புத்தியால் என் தங்கை ராஜத்தின் கல்யாணமே நின்றிருக்கும்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமயம். புத்தூருக்குப் புதுமுகம் யார் வந்தாலும், நம் வீட்டு பாஷையை எழுதிக்கொண்டு போக வந்த ஆள் என்றே நினைப்பேன். (நாம் தமிழ் என்போம், அவன் தெலுங்கு என்று எழுதிவிடுவான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.)

ராஜத்துக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது, டில்லியில் வேலை பார்க்கும் சித்தூர்ப் பையன். பெண் பார்க்க விமானத்தில் வருகிறார். மீனம்பாக்கம் போய் நான்தான் அழைத்து வரவேண்டும். ‘நாளை காலை புறப்பட்டு மதியம் மெட்ராஸ்’ என்று தந்தி வந்தது. நான் அட்லஸை விரித்து நூல் பிடித்து அளந்தேன். ரயிலுக்கே இரண்டு ராத்திரி ஆகிற தூரம்!

“நைனா, இது நடக்கிற கதையா? றெக்கை இருந்தா ஆச்சா? நடுவுல நின்னு ஆள் ஏத்திக்கினு, தண்ணி புடிச்சிக்கினு வர வாணாமா? நாளன்னிக்கிதான் வருவாரு.”

“தந்தில நாளைக்கின்னு கீதே?”

“தபாலாபீஸ்ல தப்பா எழுதிட்டான்.”

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் என்பதால் நைனா நம்பிவிட்டார், பாவம்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஒருவர் நின்றார். கையில் பெட்டி, இரண்டு காதிலும் பஞ்சு. கை கால் முறிந்து கட்டுப்போட வருகிறவர்களைப் புத்தூரில் தினமும் பார்க்கிறோம். காதில் பஞ்சோடு எவனும் வந்ததில்லை. செவிடன் மாதிரி நடித்து ஒட்டுக்கேட்க வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

“ஏம் காவாலி?” என்று, என்ன வேண்டுமென்பதைத் தெலுங்கில் விட்டுப்பார்த்தேன். அவரும் தெலுங்கிலேயே தண்ணீர் கேட்டார். அப்புறம் தமிழில், “வீட்டுல எத்தினி பேரு கீறீங்க?” என்றார். இரண்டு பாஷையும் பேசுகிறான், தலையையும் எண்ணுகிறான்! (எங்கள் தெருவில் எல்லோருமே இரண்டும் பேசுவோம். அது அப்போது தோன்றினால்தானே!)

“எதுக்கு?”

“சும்மாதான். உங்க தங்கச்சி உள்ள இருக்காங்களா?”

“எனக்குத் தங்கச்சியே இல்ல. எழுதிக்கினு போ!”

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “பொண்ணே இல்லாத வீட்டுக்கா எங்கம்மா என்னை டில்லியிலிருந்து வரச்சொன்னாங்க?”

“டில்லியா? எப்போ கிளம்பினே?”

“காலையில.”

“காலையில டில்லி, சாயங்காலம் புத்தூரா? உன் காதுல பஞ்சு, என் காதுல பூவா?”

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அதற்குள் ராஜம் சொம்போடு ஓடிவந்துவிட்டாள்.

“எங்கண்ணனுக்கு இல்லாத தங்கச்சி நான்தான். தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அவர் குடித்தார், போகவில்லை. திண்டாடிக்கொண்டு நின்ற என் எதிரிலேயே காதுப் பஞ்சை எடுத்துப்போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி பெப்பர்மிண்டை எடுத்தார். காது அடைக்காமலிருக்க விமானத்தில் பஞ்சும் மிட்டாயும் கொடுத்தார்களாம். பங்கு போடத்தான் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாராம், மனுஷன்! என் பங்கை ராஜம் வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

இன்றுவரை அவள் கடிதங்கள் ‘இப்படிக்கு, இல்லாத தங்கை’ என்றுதான் முடியும். இரண்டாவது பிரசவத்துக்கு மாப்பிள்ளை அடித்த தந்தியும் அதே ரகம்: ‘உங்கள் இல்லாத தங்கைக்குப் பெண் குழந்தை.’

நான் அதை உரக்கப் படித்து முடித்ததும் நைனா சொன்னார்: “தபாலாபீஸ்ல தப்பா எழுதியிருக்கப் போறான், நல்லா பாருடா.”