சக்கரவர்த்திகளுக்குப் பழப்புளி

களிம்பு பிடித்த செம்பைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கக்கூடிய பெண் எங்கள் பரம்பரையில் இன்னும் பிறக்கவில்லை. சோறு அடிப்பிடித்தாலும் பொறுப்போம், பால் பொங்கி ஊற்றுப்பட்டாலும் பொறுப்போம். வீட்டுக்கு ஆட்கள் வருகிற நாளில் குத்துவிளக்கு மங்கிக் கிடந்தால் மட்டும் பொறுக்கமாட்டோம். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிற ஆண்கள் எல்லாரும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்கிறார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு. நானும் இவரும் ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். இவருக்குக் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எனக்குக் காலுறைத் தொழிற்சாலையில் வேலை. வலதுகால் உறையையும் இடதுகால் உறையையும் சோடி சேர்த்துப் பெட்டியில் வைக்கவேண்டும். (காலுறையிலை வலதென்ன இடதென்ன எண்டு கேட்டுப்போடாதேங்கோ. நானும் கேட்டு ஏச்சு வாங்கினனான்.) அங்கிருந்து என்னை மீட்டது என் கையெழுத்து. ஊரில் சங்கக்கடைக் கந்தோரில் கணக்கு எழுதிப் பழகிய, அச்சடித்தது போன்ற எழுத்து. அஜின்கோர்ட்டில் பழைய நாணயங்களும் தபால் முத்திரைகளும் விற்கிற ஒரு கடைக்கு, வடிவாக எழுதக்கூடிய ஆள் தேவைப்பட்டது. கடைக்காரர் ஹெரால்ட் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, அதை எழுதிய என்னையும் ஒருமுறை பார்த்தார். "இப்போதைக்குத் தற்காலிகம். கழகத்தின் கண்காட்சி முடிந்த பிறகு நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேசலாம்" என்றார்.

கழகம் என்பது உலோகம் தேடும் கருவியைத் தோளில் கொழுவிக்கொண்டு வயல் வெளியெங்கும் அலைகிறவர்களின் கழகம். அநேகமானவர்கள் இங்கிலாந்தில் பிறந்து இங்கே குடியேறியவர்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவார்கள், அண்ணன் தம்பியின் தோட்டத்தில் கருவியைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், அது கீச்சிட்ட இடத்தைத் தோண்டுவார்கள், கிடைத்த ரோம நாணயங்களைப் பிஸ்கற் ரின்னில் போட்டு ரொறன்ரோவுக்குக் கொண்டுவருவார்கள். எது எந்தச் சக்கரவர்த்தியுடையது என்று ஹெரால்ட் கண்டுபிடித்துச் சொல்வார். நான் ஒவ்வொன்றையும் நிறுத்து, அளந்து, ஒவ்வொரு அட்டையில் பதிவேன். தலை வலப்பக்கம் பார்க்கிறதா, இடப்பக்கம் பார்க்கிறதா? சுற்றிவர என்ன எழுத்து? பின்புறத்தில் என்ன உருவம்?

இந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. சக்கரவர்த்திகள் எல்லாரும் கொஞ்ச நாளில் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்கள். கொன்ஸ்தாந்தைனுக்கு அப்படியே எங்கள் பெரிய மாமாவின் மூக்கு. இன்னொருவருக்கு மூன்றடுக்கு நாடி. பின்புறத்தில் வழக்கமாகப் படைவீரர், கோட்டை வாசல், சிறகு முளைத்த பெண், புகை எழும்பும் பலிபீடம். எழுத்து முழுக்க லத்தீன். எனக்கு ஒன்றும் விளங்காது. விளங்கத் தேவையுமில்லை, கண்டதை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினால் போதும்.

முதல் நாளே ஹெரால்ட் ஒரு சட்டம் சொல்லியிருந்தார். "நாணயங்களைச் சுத்தம் செய்யக்கூடாது. மினுக்கும் பசை, கெமிக்கல், ஒன்றும் படக்கூடாது." நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

கழகத் தலைவர் வால்ற்றர், விட்பியிலிருந்து கார் ஓடி வருவார். ஓய்வுபெற்ற, உயரமான, எந்நேரமும் கழுத்துப்பட்டியோடு திரிகிற மனிதர். அவர் ஸ்காபரோவின் ஏரிக்கரையில், மண் மேட்டின் அடியில் ஒரு நாணயத்தைக் கண்டெடுத்திருந்தார். சுண்ணாம்பும் களிம்பும் பிடித்துக் கட்டியாகிப்போன ஒரு வட்டம். அதில் இலை முடி சூடிய ஒரு தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு மனிதர், ரோமர்கள் கப்பல் ஏறிக் கனடாவுக்கு வந்தார்கள், ஒன்ராறியோ ஏரியில் கால் நனைத்தார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். கண்காட்சியன்று பேசப்போகிறார், பத்திரிகைக்காரர் வருகிறார், "இது ரோம நாணயம்" என்று அட்டையில் ஹெரால்ட் கையொப்பம் வைக்கவேண்டும்.

ஹெரால்டுக்கு அதில் துளியும் மனமில்லை. "இந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிப் பார்த்தார். "அப்படியானால் இது ரோமருடையது அல்ல என்று நிரூபியுங்கள்" என்றார் வால்ற்றர். சுத்தம் செய்து பார்க்கவும் விடமாட்டார். கழகம் முழுவதும் வால்ற்றர் பக்கம். கழகம் இல்லையென்றால் கடையும் இல்லை. நிச்சயமில்லாத ஒன்றுக்குத் தன் வாழ்நாளில் கையொப்பமிட்டதில்லை என்று ஹெரால்ட் என்னிடம் சொன்னபோது, அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே கவலையாக இருந்தது.

கண்காட்சி திங்கட்கிழமை பின்னேரம். அட்டைகள் எழுதி முடியாததால், வால்ற்றருடையது உட்பட எல்லா நாணயங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பார்த்தேன். பச்சையும் கறுப்பும் மண்ணுமாகக் கிடந்தன. நாளை மறுநாள் பத்திரிகைக்காரர் வருகிறார், படம் எடுக்கப்போகிறார். இந்தக் கோலத்தில் வைத்தால் யாரைக் குறை சொல்வார்கள்? எழுதின பெட்டையைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் நித்திரையால் எழும்பிக் குசினிக்குள் வந்தார்.

"இஞ்சாரும், உதென்ன சட்டிக்குள்ளை?"

"ரோமாபுரிக் காசு."

"ரோமாபுரிக் காசை என்னத்துக்கப்பா ஊறப் போட்டனீர்?"

"நாளைக்குப் பேப்பர்க்காரர் வாறாங்கள். உந்த ஊத்தையோடை கொண்டுபோய் வைக்கேலுமே?"

"அந்த மனுசன் ஒண்டும் போடவேண்டாம் எண்டெல்லே சொன்னது!"

"கெமிக்கல் போடவேண்டாம் எண்டுதான் சொன்னவர். பழப்புளி கெமிக்கலோ? நேற்று ரசத்துக்கை விட்டு ரெண்டு கோப்பை குடிச்சனீங்களெல்லே?"

இவர் சட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார். (இந்த நியாயத்தை இப்பவும் மறுக்கமாட்டார். கேட்டுப் பாருங்கோ.) இரவு முழுக்கப் புளியில் ஊறியவற்றை உப்புப் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். பச்சையெல்லாம் கரைந்து ஓடியது. சக்கரவர்த்திகள் ஒவ்வொருவராகச் செக்கச் செவேலென்று முழுகிவிட்டு எழும்பி வந்தார்கள். வால்ற்றரின் கட்டியும் பொரிந்து கழன்றது. உள்ளே இருந்தது பொன் மாதிரி மஞ்சளாக மின்னியது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒன்றும் விடாமல் அட்டையில் எழுதினேன். சக்கரவர்த்தியின் பெயர்: பெப்பினோ. மற்றவர்களைப் போலப் பெயரின் கடைசியில் 'உஸ்' வராதது கொஞ்சம் உறுத்தியது. ஹெரால்டின் புத்தகத்தில் இல்லாத ஒரு சக்கரவர்த்தியை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அந்த உறுத்தலையும் பெருமையாக்கிக்கொண்டேன்.

கண்காட்சி ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். இவரும் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். நான் தீபாவளிக்கு வாங்கிய நீலச் சேலை உடுத்து, நாணயங்களை அடுக்கிய தட்டை ஒரு பட்டுத் துணியால் மூடிக் கொண்டுபோய் நடுமேசையில் வைத்தேன். கழகத்தார் சுற்றிவர நின்றார்கள். பத்திரிகைக்காரி ஓர் இளம் பெண், தெரேசா என்று பெயர், கையில் கோப்பியோடு நின்றாள். ஹெரால்ட் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அந்த மூடிக்குப் பதிலாகத் தன் தலையைக் கழற்றச் சொல்லியிருந்தாலும் சந்தோசமாகக் கழற்றியிருப்பார் போல ஒரு முகம்.

கலியாண வீட்டில் கூறைச்சேலையைக் காட்டுவது போலத் துணியை விலக்கினேன்.

ஒருவரும் மூச்சுவிடவில்லை. நான் அதை வியப்பு என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகமாக நின்றேன். பிறகு ஒரு கிழவி கதிரையைத் தேடி உட்கார்ந்தாள். வால்ற்றரின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே மேலே ஏறி நெற்றிக்குப் போனது.

ஹெரால்ட் வழக்கம்போல மெல்லிய குரலில் கேட்டார்: "மிஸஸ் நாதன், என்ன போட்டீர்கள்?"

"பழப்புளி."

"அது என்ன?"

பழப்புளிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தேடினேன். இவர் உதவிக்கு வந்தார். "நாங்கள் மீன்கறிக்குப் போடுகிறது" என்று தன்னுடைய ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். (அண்டைக்கு அந்த மனுசன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே பாதிப் பிரச்சினை வந்திராது.)

"கறியா? என் நாணயத்தைக் கறி வைத்தீர்களா?" என்று வால்ற்றர் கத்தினார். "ஆயிரத்தெழுநூறு வருடத்தை அழித்துவிட்டாள்! ஹெரால்ட், இந்தப் பெண்ணை இப்போதே வேலையை விட்டு அனுப்பு!"

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. ஹெரால்ட் தரையைப் பார்த்தார். "நீங்கள் வீட்டுக்குப் போங்கள். நாளைக்குப் பேசுவோம்" என்றார். அந்த 'நாளைக்கு' என்பதன் அர்த்தம் எனக்குத் தெரியும். காலுறை, வலது, இடது. கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. புளியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், என் எழுத்து வேலையில் யார் பிழை பிடிக்க முடியும்?

"நான் வேலையைச் சரியாகத்தான் செய்தேன்," என்று வால்ற்றரின் அட்டையை எடுத்தேன். "கேளுங்கள்" என்று குரலை உயர்த்தி, தேவாரம் படிப்பதுபோல வாசித்தேன். "முன்புறம்: இலை முடி சூடிய தலை, வலப்பக்கம் பார்க்கிறது. சக்கரவர்த்தி பெப்பினோ. பின்புறம்: வட்டமான பலிபீடம், மேலே மூன்று கோடாகப் புகை. எழுத்து: ஊனா சுப்பா கிராத்திஸ்."

தெரேசாவின் வாயிலிருந்த கோப்பி வெளியே வந்தது.

"மன்னிக்கவும். அதை இன்னொருமுறை வாசிப்பீர்களா?" என்றாள். வாசித்தேன். அவள் நாணயத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. "என் அம்மா இத்தாலிக்காரி," என்றாள். "இது லத்தீன் இல்லை, இத்தாலியன். 'ஒரு சூப் இலவசம்'. இது பலிபீடமும் இல்லை. சூப் கோப்பை. பெப்பினோ என்பது சாப்பாட்டுக் கடைக்காரரின் பெயராக இருக்கவேண்டும்."

ஏரிக்கரைக்கு வந்த எவனோ ஒருவன் சட்டைப்பையிலிருந்து தவறவிட்ட, சாப்பாட்டுக் கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வில்லை அது. ஏரித் தண்ணீரும் சுண்ணாம்பும் அதற்கு வயதைக் கொடுத்திருந்தன. பழப்புளி அந்த வயதைத் திரும்ப வாங்கிவிட்டது.

முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் ஹெரால்ட். அந்த மனிதருக்குப் பல் இருக்கிறதென்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பேனாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடி, சட்டைப்பையில் செருகினார். அதன் பிறகு மண்டபமே சிரித்தது. உட்கார்ந்திருந்த கிழவி என்னைக் கிட்ட அழைத்து, தன்னுடைய செம்புக் கேத்திலுக்கும் அந்தப் புளி சரிவருமா என்று காதுக்குள் கேட்டாள். வால்ற்றர் மட்டும் சிரிக்கவில்லை. வில்லையைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு, கோப்பிகூடக் குடிக்காமல் விட்பிக்குப் போய்விட்டார். வெற்றி என் பக்கம் என்று தெரிந்தும், அந்த உயரமான முதுகு படியேறிப் போவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் ஹெரால்ட் என்னை உட்கார வைத்து விளங்கப்படுத்தினார். களிம்புதான் பழைய நாணயத்தின் தோல். அது போனால் நாணயத்தின் மதிப்பும் போய்விடும். நல்லகாலம், நான் தோல் உரித்த சக்கரவர்த்திகள் எல்லாரும் இங்கிலாந்து வயல்களில் மண்ணாங்கட்டி மாதிரி அகப்படுகிறவர்கள். சொந்தக்காரர்களும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை. எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. "ஆனால் என் பெயரைக் காப்பாற்றிவிட்டீர்கள்" என்று சொல்லி, என்னை நிரந்தரமாக்கினார். கடைச் சுவரில் ஒரு புது அறிவித்தலும் தொங்கியது: பசை கூடாது, கெமிக்கல் கூடாது, பழப்புளி கூடாது. அதை எழுதியதும் நான்தான், என் வடிவான எழுத்தில்.

தெரேசா வால்ற்றரின் பெயரைப் போடாமல், சூப்பை மட்டும் போட்டு எழுதினாள். படத்தில் நானும் நீலச் சேலையும். இவர் அந்தப் பத்திரிகையில் ஒரு கட்டு வாங்கி, தொழிற்சாலை முழுக்கக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து, ஹெரால்ட் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வால்ற்றர் கடைக்குள் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஏரிக்கரையில் பொறுக்கிய இன்னொரு பச்சைக் கட்டியை எடுத்து வைத்தார். "மிஸஸ் நாதன், யாருக்கும் சொல்லாமல், இதற்கும் கொஞ்சம்…" என்றார். அறிவித்தல் எங்கள் இரண்டு பேருடைய தலைக்கு மேலேயே தொங்கியது. நான் கட்டியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன். புளியில் ஊறி எழும்பியபோது அது பழைய கதவுப் பிடியின் துண்டு. அவர் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகும் வந்துகொண்டேயிருந்தார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது கொஞ்சம் கூடுதலாகப் பெருமை பேசினால் போதும், "புளியிலை போட்டுப் பாப்பமோ?" என்று இவர் தொடங்கிவிடுவார். வீடு விற்க வந்த முகவரிடமும் கேட்டார், வாக்குக் கேட்டு வந்த அரசியல்வாதியிடமும் கேட்டார். மகள் ஒரு பொடியனை விரும்புகிறேன் என்றும், அவன் ஏதோ பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தில் பங்காளியாம் என்றும் சொன்னாள். இவர் அவளிடமும் அதையே கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களைப் பார்க்க வந்தான். நல்ல கோட்டு, நல்ல சப்பாத்து. வாசலிலேயே கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு, கடையில் வாங்கிய பழப்புளிப் பைக்கற் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"அன்ரி," என்றான், "ஐ ஆம் ரெடி. எத்தினை மணித்தியாலம் ஊறவேணும்?"

கலியாணத்துக்கு அன்றைக்கே ஓம் சொல்லிவிட்டேன். அந்தப் புளியில்தான் இரவு மீன்கறி வைத்தேன்.