நிற்கக்கூட இடமில்லை

"ஹால்ல எவ்வளவு இடம் காலியா இருக்கு சார்?" என்று போனில் ஒரு அம்மா கேட்டதும் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் உஷாரானார்.

"காலியாவா? நிக்கக்கூட இடம் இல்ல மேடம்! கூட்டம் நெட்டித் தள்ளுது" என்றார்.

அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் அந்த நகராட்சி ஹாலில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் நர்சக்கா, ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஊன்றுகோல்களுக்குப் புது ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் டெய்லர். சக்கர நாற்காலியின் கிழிந்த இருக்கையைத் தைக்க வந்தவர், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்படியா... சரி சார். வியாழக்கிழமை நேர்லயே வந்து ஒரு பார்வை பாத்துடறேன்."

கண்டக்டர் போனை வைத்ததும் நர்சக்கா நிமிர்ந்தார்.

"யாரு?"

"நகராட்சியில கூட்டுச் செயல்பாட்டுப் பிரிவு அதிகாரி. இடம் காலியா இருக்கான்னு கேக்கறாங்க."

"இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? பாதி ஹால் சும்மாதானே கிடக்கு?"

"உங்களுக்கு விவரம் பத்தாதுக்கா. வாசகசாலையிலயும் இப்படித்தான் கேட்டாங்க. அங்க பொறுப்பா இருந்த மனுஷன் வெள்ளந்தியா 'தாராளமா இருக்கு'ன்னுட்டாரு. மறு மாசமே பூட்டு. இப்ப அது டைல்ஸ் கடைக்குக் கிடங்கு."

நர்சக்கா மறுபடி ஊன்றுகோலைக் கையில் எடுத்தார். வாசகசாலைக்கு நேர்ந்தது அவருக்கும் தெரியும்.

அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. அது சும்மா இருப்பதில்லை. முதலில் தன்னார்வலர்கள்தான் ஊரின் முதுகெலும்பு என்றார்கள்; ஹாலைக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு குழுவும் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றார்கள். மின்கட்டணத்தை இவர்கள் தலையில் கட்டினார்கள். ஆட்சி மாறியது. இனி யாரும் தனியாக நிற்கக் கூடாது, கைகோத்துத்தான் நிற்க வேண்டும் என்று புதுக் கொள்கை வந்தது. யார் யாரோடு கைகோப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஹால் போனால் கண்டக்டருக்கு உயிரே போன மாதிரி. அவர் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, ஒரு சக்கர நாற்காலிக்காக ஊரெல்லாம் நாயாய் அலைந்தவர் அவர். பஸ்ஸில் ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷனுக்குச் சொந்த மனைவியை வாசற்படி தாண்டி இறக்க வழி தெரியவில்லை. அன்றைக்கு அழுத அழுகையில் பிறந்ததுதான் இந்த இரவல் நிலையம். நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல், மடக்குக் கட்டில், யாருக்கு எது வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போகலாம். குணமானதும் திருப்பித் தந்தால் போதும்.

"ஆளைச் சேத்துடுவோம்க்கா. வர்ற அம்மா கால் வைக்க இடம் இருக்கக் கூடாது" என்றார் கண்டக்டர்.

"பொய்யை நிஜமாக்கப் போறீங்களா?"

"நான் பஸ்ஸுல ஏத்தாத கூட்டமா?"

முதலில் போய்ப் பார்த்தது நடைப்பயிற்சிச் சங்கத் தலைவரை. அவரைக் கர்னல் என்பார்கள். வரி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான். பட்டாளத்துக்கும் அவருக்கும் மீசையைத் தவிர வேறு சம்பந்தமில்லை.

"எங்க ஆளுங்க நடந்து முடிச்சதும் உக்கார இடம் தேடிட்டுத்தான் இருக்கோம்" என்று கர்னல் உடனே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலையில் சங்கம் மொத்தமும் வந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு சக்கர நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்கள். ஊரிலேயே நன்றாக நடக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"சார், இது நடக்க முடியாதவங்களுக்கு."

"இவ்வளவு தூரம் நடந்துட்டு வந்த பிறகு எங்களால மட்டும் எங்க நடக்க முடியுது?" என்றார் கர்னல்.

இவர்களுக்கு வேறு நாற்காலி போட்டே ஆக வேண்டும். கண்டக்டர் யோசித்தார். அடுத்த தெருப் பாட்டு வகுப்பு டீச்சரிடம் மடக்கு நாற்காலிகள் நிறைய இருந்தன. கேட்டார்.

"நாற்காலி போற இடத்துக்கு நாங்களும் வருவோம்" என்றார் பாட்டு டீச்சர்.

"தாராளமா வாங்கம்மா! கூட்டுச் செயல்பாடுதானே இப்ப கொள்கையே!"

பாட்டு வகுப்பு வந்தது. மேல்ஸ்தாயியில் அவர்கள் பிடித்த பிடியில் மாடியிலிருந்த தியானக் குழு கண்ணைத் திறந்துவிட்டது. திறந்த கண்ணோடு நேராகக் கீழே இறங்கி வந்தது.

"எங்களால அமைதியாவே இருக்க முடியல!" என்று தியானக் குழுத் தலைவர் கத்தினார்.

கண்டக்டர் அவர் தோளில் கை போட்டார். "அதுக்கென்ன சார், நீங்களும் கீழயே வந்துடுங்க. பக்கத்துல இருந்தா பழகிடும்."

நர்சக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

பழகவில்லை. பாட்டு நின்றால் தியானம், தியானம் முடிந்தால் கர்னலின் அரசியல் என்று முறை வைத்துப் பார்த்தார்கள். யாரும் தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. டெய்லரை எழுப்பி நடுவே திரை தைத்துப் போடச் சொன்னார் கண்டக்டர். திரை வந்ததும் எந்தப் பக்கத்துக்கு மின்விசிறி என்று சண்டை வந்தது. சமாதானம் பேசி முடிப்பதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. இடத்தை அடைக்கிறதென்று வாக்கர்களையும் கட்டில்களையும் யாரோ மூலையில் தள்ளி, அவற்றின் மேல் தம்புராவைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"கட்டில் கேட்டு வந்தவர் வாசல்லயே நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. ஏதோ கல்யாணம்னு நினைச்சிருக்காரு" என்றார் நர்சக்கா. இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

கண்டக்டருக்குச் சுருக்கென்றது. எதைக் காப்பாற்ற இதையெல்லாம் செய்கிறோமோ அதுவே மூலைக்குப் போய்விட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"வியாழக்கிழமை வரைக்கும்தான்க்கா. பொறுத்துக்கோங்க."

வியாழக்கிழமை எல்லோரும் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். கண்டக்டர்தான் வரச் சொல்லியிருந்தார். ஜன்னல் விளிம்பில்கூட இரண்டு பேர்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றார். "சார், அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. ஆட்டோ வெளியில நிக்குது. ஒரு வீல்சேர் கிடைக்குமா?"

நாற்காலி அந்தக் கோடியில் இருந்தது. நடுவில் ஈ நுழைய இடமில்லை. கண்டக்டருக்கு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுகணம் பழைய தொழில் கைகொடுத்தது.

"பின்னாடி இருக்கிறவங்க அப்படியே தூக்கி முன்னாடி பாஸ் பண்ணுங்க!"

பஸ்ஸில் சில்லறையைக் கை மாற்றுகிற மாதிரி சக்கர நாற்காலி தலைகளுக்கு மேலே நகர்ந்தது. தியானக்காரர்கள் தூக்கினார்கள், பாட்டுக்காரர்கள் வாங்கினார்கள், கர்னல் மீசையில் சக்கரம் உரச வாசலில் இறக்கி வைத்தார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். அன்றுதான் முதன்முறையாக அந்த ஹாலில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்திருந்தார்கள். கண்டக்டர் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

திரும்பினால் அதிகாரியம்மா படியில் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயசுதான், ஆனால் முகத்தில் ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது.

"வாங்க மேடம்! உள்ள வாங்க... ஆனா வர முடியாது. நான்தான் சொன்னேனே!" என்றார் கண்டக்டர் பெருமையாக.

அந்த அம்மா எக்கி எட்டிப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். திரைக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தார். அங்கே கால்கள்தான் இருந்தன.

"ஒரு மூலைகூட இல்லையா சார்?"

"ஒரு சாண்கூட இல்ல மேடம்! எங்க குழுவுல ஒரு ஆளைக்கூடக் குறைக்க முடியாது!"

"ரொம்ப நல்லா நடத்தறீங்க" என்றார் அவர். சொன்ன விதத்தில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கி, தெருமுனைவரை நடந்து போய் யாருக்கோ போன் போட்டார்.

"ஜெயிச்சிட்டோம்க்கா!" என்று கண்டக்டர் கூவினார். உள்ளே கைதட்டல் எழுந்தது.

நர்சக்கா கைதட்டவில்லை. "ஜெயிச்ச மாதிரி தெரியலையே. அந்தம்மா முகத்தைப் பாத்தீங்களா?" என்றார்.

வெளியே அவர் வந்த நகராட்சி வேன் இன்னும் கிளம்பாமல் நின்றது. பின்பக்கம் ஒரு மேசை, கவிழ்த்துவைத்த நாற்காலி, கயிறு கட்டிய கோப்புகள். கண்டக்டர் டிரைவரிடம் போனார். ஒரே தொழில் வட்டாரம். பேச்சு சுலபமாக வந்தது.

"என்னண்ணே, வீடு மாத்தறாங்களா உங்க மேடம்?"

டிரைவர் ஸ்டியரிங்மேல் கையை வைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீடு இல்ல சார், எங்க ஆபீஸைத்தான் மூடிட்டாங்க, காலி இடம் வச்சிருக்கிற ஒரு தன்னார்வக் குழுவோட சேந்து உக்காந்துக்கணுமாம், எங்களுக்கு இடம் குடுக்கிற ஹாலை யாரும் தொட மாட்டாங்களாம், அதான் மேடம் உங்களுக்கு முதல்ல போன் பண்ணாங்க."