மூக்கு மாமாவும் டாக்கோ பாஸ்தாவும்

ஊர் உலகத்தில் அடுத்தவர் சமையலில் மூக்கை நுழைப்பவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அதை முழுநேர உத்தியோகமாகவே செய்தவர் எங்கள் மூக்கு மாமா ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த மூன்று மாடிக் கட்டடம். மாமா முதல் மாடியில் தனிக்கட்டையாக இருந்தார். என் கெட்ட நேரம், நாங்கள் நேர் மேலே இரண்டாவது மாடி. சாயங்காலம் ஏழு மணிக்குப் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாரென்றால் ஆரம்பித்துவிடுவார்.

"மூணாவது மாடி, ரசத்துக்குப் பெருங்காயம் போதலை."

"எதிராத்துல கத்தரிக்காய் அடி பிடிக்கறது, அடுப்பை அணையுங்கோ."

உப்புக்கு வாசனையே கிடையாது. மாமாவோ கொதிக்கிற ஆவியை வைத்தே உப்பு கூடவா குறைச்சலா என்று தீர்ப்புச் சொல்வார். கேட்டால், "சமைக்கறவா வாயில வெச்சுப் பார்க்கப்படாது. பகவான் மூக்கை எதுக்குக் குடுத்திருக்கார்?" என்பார். என் வயிற்றெரிச்சலே அவர் சொன்னது ஒரு நாளும் தப்பியதில்லை என்பதுதான். கடைசியில் எங்கள் கட்டடத்தில் உப்புப் பார்க்கிற பழக்கமே ஒழிந்துபோனது.

நொச்சிக்குப்பத்திலிருந்து தரைத்தள வீட்டுக்கு மீன் கொண்டுவரும் செல்வியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் மேலே இருந்தபடியே, "செல்வி, அந்த வஞ்சிரம் முந்தாநாள் பிடிச்சது" என்றார்.

"இன்னா மாமா, மீனை வாயில வைக்காத ஆளு நீ. உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? என் பொழப்புல மண்ணைப் போட்டுக்கினு கீறியே" என்று கத்தினாள் செல்வி. கத்திக்கொண்டே அந்த மீனைக் கூடைக்கு அடியில் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

இப்படிப்பட்ட மனிதரின் தலைக்கு மேல்தான் நான் சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. என் மனைவி ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் ஹைதராபாத் போயிருந்தாள். பிளஸ் டூ படிக்கும் மகள் நித்யா, நான் போட்டதை மூன்று வாரம் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டாள். நான்காவது வாரம் துணிமணியைப் பையில் அடுக்கினாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு வேளை ஒழுங்கா சமைச்சுக் காட்டு. இல்லைன்னா அம்மா வர்ற வரைக்கும் நான் நங்கநல்லூர் அத்தை வீட்ல இருந்துக்கறேன்."

அத்தை என்றால் என் தங்கை. சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மனைவியும் இல்லாமல் மகளும் இல்லாமல் அந்த வீட்டில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைக்கவே முடியவில்லை.

செய்முறையை அவளே போனில் அனுப்பினாள். டாக்கோ பாஸ்தாவாம், ரொம்ப ஈஸியாம், இருபது நிமிடத்தில் முடிந்துவிடுமாம். எழுதிய புண்ணியவான் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். டாக்கோ மசாலா பாக்கெட் ஒன்றுக்காகப் பாண்டி பஜாரில் மட்டும் இரண்டு மணி நேரம் அலைந்தேன். இத்தாலி பாஸ்தாவுக்கும் மெக்சிகோ மசாலாவுக்கும் மயிலாப்பூரில் கல்யாணம் செய்துவைக்க நான் யார்?

இருந்தாலும் செய்தேன். பாஸ்தாவை வேகவைத்து வடித்தேன். வெங்காயம், பூண்டு, குடமிளகாய், தக்காளி எல்லாவற்றையும் வதக்கி, வெந்த ராஜ்மாவைச் சேர்த்து, மசாலாவைக் கொட்டி, பாஸ்தாவைப் போட்டுப் புரட்டி, மேலே சீஸைத் துருவினேன். சத்தியமாக நன்றாகவே வந்திருந்தது. சமையலறை வாசலில் நின்ற நித்யாகூட மூச்சை இழுத்துப் பார்த்து, "பரவாயில்லையே" என்றாள்.

அப்போதுதான் கீழேயிருந்து குரல் வந்தது. "ரெண்டாவது மாடி, உப்பே போடலை."

இரண்டு ஸ்பூன் உப்பை அள்ளிப் போட்டேன்.

"அப்பா, மசாலாவுலயே உப்பு இருக்கு. சீஸ்லயும் இருக்கு" என்று பதறினாள் நித்யா.

"மாமா சொல்லிட்டார்" என்றேன்.

ஒரு வாய் வைத்தாள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு தடதடவென்று கீழே இறங்கினேன். பின்னாலேயே நித்யாவும் வந்தாள். "மோந்து பாருங்க மாமா, இதுலயா உப்பு இல்லை? உங்க பேச்சைக் கேட்டு நான் உப்பைக் கொட்ட, என் பொண்ணு வீட்டை விட்டுப் போறா" என்று தட்டை நீட்டினேன்.

மாமா தட்டை வாங்கி மூக்கருகே வைத்து இரண்டு முறை நன்றாக முகர்ந்தார்.

"ஒண்ணும் தெரியலைடா" என்றார். "போன மாசம் ஜுரம் வந்துதே, அன்னிலேர்ந்து மூக்குல ஒரு வாசனையும் ஏறலை."

"தினம் கத்தறீங்களே?"

"திங்கக்கிழமைன்னா மூணாவது மாடியில வெந்தயக்குழம்பு, செவ்வாய்னா எதிராத்துல கத்தரிக்காய். இத்தனை வருஷமா மோந்துண்டிருக்கேன், தெரியாதா? நீ சமையலுக்கே புதுசு. உப்பு இல்லைன்னு உன் பொண்ணு சலிச்சுக்கறது தினம் காதுல விழறதே, அந்த தைரியத்துல சொல்லிட்டேன்."

"மூக்கு போயிடுச்சுன்னு சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லிட்டா அப்புறம் என்னோட யார் சண்டைக்கு வருவா?"

அவரைத் திட்ட மாடிப்படியிலேயே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். எல்லாம் வீணாய்ப் போயிற்று. கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறாரே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

நித்யா பையை இறக்கி வைத்துவிட்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் சொல்றேன் மாமா. முதல்ல வறுத்த சீரகம். அப்புறம் மிளகாய்த்தூள், ஆனா நம்ம குழம்பு வாசனை இல்லை. கொஞ்சம் புகை மாதிரி. மேல சீஸ், நெய் உருக்கற மாதிரி இருக்கு."

மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "பூண்டு உண்டோ?" என்றார்.

"நிறைய."

"சிவ சிவா" என்று தட்டைத் தூரத் தள்ளி வைத்தார்.

அன்று நித்யா நங்கநல்லூர் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. "உன் சமையலுக்காகன்னு நினைச்சுக்காதே" என்று மட்டும் சொல்லிவைத்தாள். மாமா ஏழு மணிக்கு நாற்காலியைப் போட்டதும் எங்கள் பால்கனியிலிருந்து குனிந்து, கட்டடத்தில் எங்கே என்ன கொதிக்கிறது என்று அவருக்குச் சொல்வது அவள் வேலையாகிவிட்டது.

மனைவி திரும்பி வந்த பிறகும் ராத்திரிச் சமையல் என் பொறுப்பாகவே நின்றுவிட்டது. போன வருடம் அடையாறுக்குக் குடிவந்துவிட்டோம். நித்யாவும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். இங்கே என் சமையலைப் பற்றி ஒரு ஜீவன்கூட வாயைத் திறப்பதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? ஏழு மணியானால் போனை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு, "மாமா, வெங்காயம் வதங்கிடுச்சு" என்று ஆரம்பித்துவிடுகிறேன்.

"உப்பு போட்டியோ?" என்று அங்கிருந்து அதட்டுகிறார்.

கரண்டியால் எடுத்து வாயில் வைத்துப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? அதைச் செய்யாமல், "நீங்களே சொல்லுங்க மாமா" என்கிறேன்.