மண்டபத்தின் முதல் கலியாணம்

எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஆனாலும் கல்லடியில் நாலு பேரை நிறுத்தி விசாரித்தால், அவர்களில் ஒருவராவது எனக்கு ஒரு தடவை கலியாணம் நடந்து, அது அன்றைக்கே முறிந்தும் போனது என்று சொல்லக்கூடும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு செய்திகளையும் எழுதி வெளியிட்டவள் நான்தான்.

அதற்கு முன் நான் கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை அச்சை நிறுத்தியபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, வீடியோ பார்த்து இணையத்தள வடிவமைப்புப் படித்தேன். பக்கம் கட்டத் தெரிந்தவளுக்குத் தளம் கட்டுவது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். (நினைத்ததோடு நில்லாமல் அறிமுக அட்டையும் அடித்தேன்.)

பத்திரிகை எனக்கு இரண்டு விதிகளை ஊட்டி வளர்த்திருந்தது. பக்கத்தில் வெற்றிடம் விடக்கூடாது. பெயர் போடாமல் படம் போகக்கூடாது. இரண்டும் நல்ல விதிகள். ஆனால் அங்கே எனக்கும் வாசகருக்கும் நடுவில் ஒப்புநோக்குநர், செய்தி ஆசிரியர், பிரதம ஆசிரியர் என்று ஒரு வரிசையே உட்கார்ந்திருந்தது. அவர்கள் என் வேலையைத் தாமதப்படுத்தவே சம்பளம் வாங்குகிறார்கள் என்றுதான் அப்போது எண்ணியிருந்தேன். என்னிடமிருந்து ஊரைக் காப்பாற்றத்தான் வாங்கினார்கள் என்பது பிறகு புரிந்தது.

முதல் வேலை ஒரு புதுக் கலியாண மண்டபத்துக்கு. கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெயின்ற் மணம் கூடப் போகாத கட்டடம். முதலாளி அகலமான மனிதர். மற்ற மண்டபங்களின் தளங்களையெல்லாம் பார்த்து வைத்திருந்தார். அவற்றில் 'நடைபெற்ற திருமணங்கள்' என்று ஒரு பக்கம் இருந்ததால் தனக்கும் அது வேண்டும் என்றார். இன்னும் ஒரு கலியாணமும் நடக்கவில்லையே என்றேன். "அது நடக்கும் புள்ள. நீ பக்கத்தைக் கட்டு" என்றார்.

படம் எடுக்கச் சுதனைக் கூட்டிப் போனேன். சுதன் எங்கள் தெருக்காரன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு நேரே குசினிக்குள் போய்ச் சோற்றுப்பானையைத் திறக்கிற உரிமை உள்ளவன். நான் தளம் கட்டுவது, அவன் படம் எடுப்பது என்பது எங்கள் தொழில் ஒப்பந்தம். அந்தக் கிழமைகளில் அவனுக்கு வேறொரு ஒப்பந்தமும் நடந்துகொண்டிருந்தது. பெரியகல்லாற்றில் தர்சினி என்ற ஆசிரியையைப் பேசி, இரண்டு வீட்டுக்கும் பிடித்து, நாள் குறிப்பது மட்டும் மிச்சம். அந்த நாளைக் குறிக்க வேண்டியவர் தர்சினியின் தாய்மாமா. ஓய்வுபெற்ற கிராம சேவகர். ஒருவரை அவர்தான் என்று உறுதிப்படுத்துவதையே ஆயுள் முழுக்கத் தொழிலாகச் செய்தவர்.

முதலாளி மணவறையைப் பூவால் நிறைத்து வைத்திருந்தார். சுதன் கமராவை முக்காலியில் நிறுத்தினான். வெளிச்சம் பார்க்க யாராவது நிற்க வேண்டும். நான் நின்றேன். ஒரு ஆள் நின்றால் அளவு தெரியாது என்று அவனும் ரிமோட்டோடு வந்து பக்கத்தில் நின்றான். அழகுக்கு வாங்கிய இரண்டு மாலைகளையும் முதலாளி கொண்டுவந்து நீட்டினார். வீணாக வாடப்போகுது, போட்டு நில்லுங்க என்றார். நின்றோம். நான் சேலை கட்டியிருந்தேன். (முதல் வாடிக்கையாளரிடம் போகும்போது மரியாதையாகப் போ என்று அம்மா கட்டிவிட்டது.) சுதன் வேட்டியில் இருந்தான். அதற்கு மட்டும் என்னிடம் இன்றைக்கும் விளக்கம் இல்லை.

படம் நன்றாக வந்தது. 'நடைபெற்ற திருமணங்கள்' பக்கம் வெறுமையாக இருந்தது. முதலாவது விதி. உண்மையான கலியாணப் படம் வரும்வரை மாதிரிக்கு இருக்கட்டும் என்று எங்கள் படத்தைப் பொருத்தினேன். கீழே பெயர் இல்லை. இரண்டாவது விதி. கை தன்பாட்டில் எழுதியது: "கல்லடியைச் சேர்ந்த செல்வன் சுதனுக்கும் செல்வி நிரோஜினிக்கும் எமது மண்டபத்தில் இனிதே நடைபெற்ற திருமண வைபவம்." வசனம் சுத்தமாக இருந்தது. ஒப்புநோக்குநர் இருந்திருந்தால் ஒரு புள்ளியைக்கூட மாற்றியிருக்க மாட்டார்.

தளத்தை வெளியிடுவதற்கு முதலாளி ஐயரிடம் நேரம் கேட்டு வைத்திருந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நிறைகுடம் வைத்து, என் மடிக்கணினியின் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. தேங்காய்த் தண்ணீர் விசைப்பலகையில் படாமல் காப்பாற்றுவதிலேயே என் கவனம் முழுவதும் போனது. பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியாக இருந்த 'நடைபெற்ற திருமணங்கள்' பக்கத்துக்குக் கை போகும்போது முதலாளி கற்பூரத் தட்டோடு பின்னால் வந்து நின்றார்.

"புள்ள, நல்ல நேரம் முடியப்போகுது. ஏத்து."

ஏற்றினேன். எல்லாரும் கைதட்டினார்கள். வடை சாப்பிட்டோம்.

முதலாளி இணைப்பைத் தன் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பினார். கோயில் நிர்வாகம், பழைய மாணவர், மீன் வியாபாரிகள், தென்னந்தோட்டக்காரர். இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். ஒரு தளத்தின் இணைப்பை அனுப்பினால் கூடவே ஒரு படமும் சிறு தலைப்பும் தெரியும். எது தெரிய வேண்டும் என்று தளம் கட்டுபவர் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நான் சொல்லி வைக்கவில்லை. அதனால் அது தானாகவே ஒன்றைத் தேர்ந்துகொண்டது. மண்டபத்தின் முகப்பு இருந்தது, வாகனத் தரிப்பிடம் இருந்தது, முதலாளியின் புன்னகைகூட இருந்தது. அது எதையும் எடுக்கவில்லை.

இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா தொலைபேசியில் வந்தார். குரல் மிகவும் சாந்தமாக இருந்தது. அதுவே கெட்ட சகுனம்.

"நிரோ, நீ எங்க நிக்கிறாய்?"

"மண்டபத்திலம்மா."

"சுதன்?"

"பக்கத்திலதான்."

"அப்ப உண்மைதான்" என்று வைத்துவிட்டார்.

நான் சுதனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினான். தர்சினியிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்திருந்தது. 'வாழ்த்துக்கள்.' அவன் முகம் அப்போது இருந்த நிறத்தை எந்தத் தளத்துக்கும் பின்னணியாகப் போடலாம், எழுத்து அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

உடனே படத்தை நீக்கினேன். தளத்திலிருந்து போனதே தவிர, ஊரின் தொலைபேசிகளிலிருந்து போகவில்லை. திறந்து பார்த்தவர்களுக்கு வெற்றுப் பக்கம் தெரிந்தது. அவசரமாக மறைக்கிறார்கள் என்றால் இரகசியக் கலியாணம்தான் என்று ஒரு குழுவில் ஒருவர் ஆராய்ந்து எழுதினார்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பத்திரிகை எனக்கு மூன்றாவதாகவும் ஒரு விதி சொல்லியிருந்தது. பிழை விட்டால் மறைக்காதே, திருத்தம் போடு. போட்டேன். அதே பக்கத்தில், பெட்டி கட்டி, தடித்த எழுத்தில்.

"திருத்தம்: சுதன் – நிரோஜினி திருமணம் நடைபெறவில்லை என்பதை அறியத்தருகிறோம். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

அதற்குப் பிறகு அம்மாவுக்கு வந்த அழைப்புகளின் தொனி மாறியது. பரவாயில்லைகா, புள்ளைக்கு இதைவிட நல்ல இடம் வரும் என்று ஆறுதல் சொன்னார்களாம். தாலி கட்டுகிற நேரத்தில் நின்றதா, அதற்கு முன்னமேயா என்றும் ஒருவர் கேட்டாராம். மண்டப முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு மணவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முதல் கலியாணமே நிண்டுபோன மண்டபம் எண்டு ஊரெல்லாம் போயிட்டு. இனி ஆரு புள்ள இதுக்குள்ள வருவான்?"

மறுநாள் பெரியகல்லாற்றுக்குப் போனோம். நானும் சுதனும் அவனுடைய மோட்டார் சைக்கிளில் போவதாக இருந்தது. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓட்டோ பிடித்தார். நடுவில் அவர் இருந்தார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

தர்சினியின் மாமா விறாந்தையில் காத்திருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சொல்லுங்க என்றார். நான் சொன்னேன். டெம்ப்ளேட் என்றால் என்ன, மாதிரிப் படம் என்றால் என்ன, ஒரு தளம் எப்படித் தானாகவே படத்தைத் தேர்ந்துகொள்ளும் என்பதெல்லாம் விளக்கினேன். என் தொழில் அறிவு முழுவதையும் அந்த விறாந்தையில் இறக்கி வைத்தேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"சரி. மாலை?"

"அது வாடிப்போயிரும் எண்டு முதலாளி தந்தவர், மாமா."

"மாலை வாடும் எண்டா மனுசர் கலியாணம் முடிக்கிற?"

மாமா அடுத்ததற்குப் போனார்.

"பேர் போட்டிருக்கே?"

"படத்துக்குக் கீழ பேர் போடுறது பத்திரிகை வழக்கம்."

"நடவாத விசயத்துக்கும் போடுறதா வழக்கம்?"

எதற்கும், அந்தத் திருத்தத்தை நான் போட்டதையும் சொல்லி வைத்தேன். அவர் அதையும் வாசித்திருந்தார். அது என்ன காரணத்தால் நின்றது என்றுதான் இந்த வீட்டில் இராத்திரி கதைத்தார்களாம்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"அண்ணே, இவன் எங்கட குடி. எனக்கு மகன் முறை."

எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழி. தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் பிறந்தவர்கள், இரத்த உறவு இல்லாவிட்டாலும், அண்ணன் தங்கை. கலியாணம் பேசும்போது பெயரையும் படிப்பையும் கேட்பதற்கு முன் குடியைத்தான் கேட்பார்கள். அம்மா சொன்ன அந்த ஒரு வசனத்தில் மாமா கதிரையில் சாய்ந்துகொண்டார். நெற்றிச் சுருக்கம் விரிந்தது.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. இந்தப் புள்ள என்னென்னமோ சொல்லி எண்ட தலையச் சுத்த வச்சிற்று."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். முழுதாக விடவில்லை. மாமா மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுருக்கம் திரும்பி வந்தது, முன்னதைவிட ஆழமாக.

"நில்லுங்க. அப்ப, அண்ணனும் தங்கச்சியும் மாலையும் கழுத்துமா மணவறையில நிண்டு, அத உலகத்துக்கும் காட்டினீங்களா?"

ஒரு குற்றத்திலிருந்து விடுதலையாகி, அதே கதிரையில் இருந்தபடி அதைவிடப் பெரிய குற்றத்துக்கு ஆளானவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். அம்மா என்னைப் பார்த்தார். நேற்றிலிருந்து அவர் பேசாமல் இருந்ததும் இதற்காகத்தான் என்று அப்போது விளங்கியது. கலியாணத்தை அவர் ஒரு நிமிடம்தான் நம்பினாராம். முறை கெட்ட படத்தைத்தான் தாங்க முடியவில்லையாம்.

சுதன் எழுந்து நின்றான். அவனுக்குப் பேச வராது. "மாமா, எனக்குத் தர்சினியத்தான் முடிக்கணும்" என்றான். அவ்வளவுதான். எந்தக் கேள்விக்கும் அது பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த விறாந்தையில் சொல்லப்பட்டவற்றில் விளக்கம் தேவைப்படாத வசனம் அது ஒன்றுதான்.

உள்ளேயிருந்து தர்சினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். அவளை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

"மாமா, நான் அந்தப் படத்தப் பெருசாக்கிப் பாத்தனான். மாப்பிள்ளைட கையில ரிமோட் இருக்கு. ரிமோட்டப் புடிச்சிக்கிட்டு எந்த மாப்பிள்ளையாவது தாலி கட்டுவானா?"

"தெரிஞ்சா மறுகா ஏன் வாழ்த்துக்கள் எண்டு அனுப்பின?" என்றான் சுதன்.

"ஓடி வாறீங்களா எண்டு பாக்கத்தான்."

பிறகு தட்டை என் பக்கம் திருப்பினாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"மூத்த தாரம் முதல்ல எடுங்க."

அம்மாதான் முதலில் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கலியாணம் அதே மண்டபத்தில், அதே மணவறையில் நடக்க வேண்டும். எங்கே முறை கெட்டதோ அங்கேயே முறையான படம் ஏற வேண்டும். முதலாளிக்கு இதைச் சொன்னபோது அவர் எனக்கு ஒரு சொல் நன்றி சொல்லாமல் கோயிலுக்குப் போய்விட்டார்.

அந்தக் கலியாணத்தில் படம் எடுப்பவனே மாப்பிள்ளை என்பதால் கமராவை நான் பிடித்தேன். சேலை கட்டவில்லை. தாலி கட்டும் நேரத்தில் சுதனின் கையில் தாலியைத் தவிர வேறு ஏதும் இருக்கிறதா என்று தர்சினி குனிந்து பார்த்தது ஒரு படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. கீழே போட வேண்டிய வசனத்தை மாமா என்னிடம் கேட்டு வாங்கி, வாசித்து, பேனாவால் சரி போட்டுத் திருப்பித் தந்தார். எனக்கு ஒருவழியாக மறுபடியும் ஒப்புநோக்குநர் கிடைத்தார்.

மண்டபம் இன்றைக்கு நன்றாக ஓடுகிறது. நானும் ஓடுகிறேன், பாசிக்குடா ஹோட்டல்கள் வரை. என் மாதிரிப் பக்கங்களில் இப்போதெல்லாம் மணமகன் நண்டு, மணமகள் இறால். இருவரும் எந்தக் குடி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

சுதனுக்கும் தர்சினிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். முறைப்படி, அப்பாவின் தங்கையான நான் அவளுக்கு மாமி. ஆனால் அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தர்சினி என்னைக் காட்டிப் பெரியம்மா என்று பழக்கிவிட்டாள். ஊரில் புதிதாக வந்தவர்கள் யாராவது ஏன் பெரியம்மா என்று கேட்டால், "அப்பாட முதல் பொஞ்சாதி" என்று பிள்ளை தெளிவாகச் சொல்லுகிறது. பெரியகல்லாற்று மாமா மட்டும் விறாந்தையில் இருந்தபடி ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றி, "மாமி எண்டு சொல்லு, மாமி" என்று திருத்திக்கொண்டிருக்கிறார்.